பஞ்சுத் தூசி என்று நினைத்தோம்

என் மகளுக்குத் தொண்டை வலி வந்தால் எங்கள் வீட்டில் யாரும் அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டதில்லை. மழைக்காலத்தில் ஒரு முறை, பரீட்சை நேரத்தில் ஒரு முறை, மேட்டுப்பாளையத்தில் மாமன் வீட்டுக்குப் போய்வந்தால் ஒரு முறை என்று அது வரும், போகும். காய்ச்சல் அடிக்கும். எச்சில் விழுங்க முடியாமல் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு ஒருநாள் காலையில் எதுவுமே நடக்காதது போலப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவாள். அந்த வலிக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். இன்று பஸ்ஸில் ஏதோ ஒரு குழந்தை தொண்டையைப் பிடித்துக்கொண்டு அழுதால் நான் இருக்கையை விட்டு எழுந்துவிடுகிறேன். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் இறங்கிவிடுகிறேன். சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கலாம் என்றுதான் இது.

நான் பீளமேட்டில் ஒரு நூற்பு மில்லில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். வீடு மில் குவார்ட்டர்ஸில். எங்கள் லைனில், அந்த வீட்டு வரிசையில், யாருக்குத்தான் தொண்டை கரகரப்பு இல்லை? பஞ்சு உடைக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் பேசினால் குரலிலேயே தூசி கேட்கும். அதற்காக மில்லில் ஷிப்டுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் வாயில் அடக்கிக்கொண்டால், தொண்டையில் படிந்த பஞ்சை அது இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. என் பங்கை நான் தின்றதில்லை. காகிதத்தில் மடித்து மகள் நித்யாவுக்குக் கொண்டுவருவேன். அவளுக்குத் தொண்டை வலித்தால், "எல்லாம் என்ற சட்டையில வந்த பஞ்சு, கண்ணு. இதை வாயில போடு, போயிரும்" என்று சொல்லிக் கொடுப்பேன்.

என் மனைவி தங்கமணி அந்தப் பஞ்சோடு ஒரு போரே நடத்தினாள். நான் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வேண்டும். குளித்த பிறகுதான் மகள் பக்கத்தில் போகலாம். ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டினாள். தலையணைகளை ஓயாமல் வெயிலில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, "ஏனுங்க, உங்க ஊட்டுக்குள்ள வாரதுக்கு பாஸ் வாங்கோணுமாட்ட இருக்குதே" என்று கேலி செய்தார்கள். அவ்வளவு காவலையும் தவறான வாசலில் போட்டிருந்தோம்.

தெருமுனை டாக்டர் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்ப்பார். "சீழ் வெச்சிருக்குதுங்க. மாத்திரையை முழுசாக் குடுத்துப்போடுங்க" என்பார். நான்கைந்து வேளையில் காய்ச்சல் விட்டுவிடும். காய்ச்சல் விட்ட குழந்தைக்கு எதற்கு மாத்திரை? மிச்சம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும், அடுத்த முறைக்கு ஆகும் என்று. எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்தது.

அவள் ஏழாம் வகுப்பு படித்த வருடம். ஐப்பசி மழையில் ஒரு தொண்டை வலி வந்து போனது. அதை மறந்தும்விட்டோம். சில வாரங்கள் கழித்து முழங்கால் வலிக்கிறது என்றாள். பள்ளியில் கோ-கோ ஆடுகிறவள், விழுந்திருப்பாள் என்று எண்ணெய் தேய்த்தோம். முழங்கால் சரியாயிற்று. கணுக்கால் வீங்கியது. கணுக்கால் வடிந்தது, முழங்கை சிவந்து சூடாயிற்று. போர்வை பட்டாலே கத்தினாள்.

தங்கமணியின் அண்ணன், மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்கிறவர், நித்யாவைப் பார்க்க வந்தார். எப்போதும் போல வாசலிலிருந்தே வேடிக்கையை ஆரம்பித்தார். "ஏ அம்மணி, உன்ற வலி என்ன டவுன் பஸ்ஸா, ஸ்டாப் ஸ்டாப்பா நின்னு போறதுக்கு?" என்றார். நித்யா சிரிக்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து அவர் கொண்டுவந்த பலகாரத்தை வாங்க வந்தவள், பாதி அறையிலேயே நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. ஓடி விளையாடுகிற பிள்ளை, நாலு எட்டு நடந்ததற்கு.

அவர் முகம் மாறிவிட்டது. "மாப்பிள்ளைங்க, இது சுளுக்கு இல்லீங்க. வண்டி எடுத்துட்டு வாரேன், கிளம்புங்க" என்றார்.

ஊரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இதய டாக்டர் என்னைவிட இளையவர். நித்யாவை இடது பக்கம் சாயச் சொல்லி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெஷின் ஓடும்போதே எந்த இடத்தில் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று காதால் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை மெஷின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டு போவோம். நன்றாக ஓடும் இடத்தில் யாரும் நிற்பதில்லை. கேட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் அங்கே கோளாறு என்று அர்த்தம்.

டாக்டர் கழுத்துப் பக்கம் கேட்டார், முதுகில் கேட்டார், இடது மார்புக்குக் கீழே கேட்டார். முதுகுக்குப் போனார். மறுபடியும் இடது மார்புக்குக் கீழே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதுக்கு முன்னாடி தொண்டை வலி அடிக்கடி வருமுங்களா?" என்று கேட்டார்.

"பஞ்சுத் தூசிங்க. நான் மில்லுல இருக்கறனுங்க" என்றேன், அதுதான் பதில் என்பது போல.

அவர் தலையை ஆட்டினார். "தூசிக்குக் காய்ச்சல் வராதுங்க."

பிறகு வந்தது சோதனைகளின் வரிசை. தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்து எடுத்தார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்று பார்த்தார்கள்; உடலுக்குள் எங்கோ அழற்சி இருந்தால் அந்த வேகம் கூடுமாம். அண்மையில் ஒரு குறிப்பிட்ட கிருமி வந்து போனதற்கான அடையாளத்தைத் தேடி இன்னொரு ரத்தச் சோதனை. ஈ.சி.ஜி. எடுக்கும்போது மார்பில் ஒட்டிய கம்பிகளைப் பார்த்து, "ஷாக் அடிக்குமுங்களா?" என்று நித்யா கேட்டாள். கடைசியில் எக்கோ. இருட்டான அறையில், ஒலியை அனுப்பி இதயத்தைப் படமாகத் திரையில் காட்டும் சோதனை. என் மகளின் இதயம் திரையில் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தேன். அதை எந்தத் தகப்பனும் பார்க்கக் கூடாது.

நோய்க்குப் பெயர் ருமாட்டிக் காய்ச்சல். டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தொண்டைக்கு வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிற கிருமி. அதை அடித்து விரட்ட உடம்பு ஆட்களை அனுப்புகிறது. அந்தக் கிருமியின் சாயல் நம் மூட்டுகளிலும் இதயத்திலும் கொஞ்சம் உண்டு. திருடனைத் தேடிப் போன ஆட்கள், அதே நிறச் சட்டை போட்ட வீட்டுக்காரனையும் சேர்த்து அடிப்பது போல, உடம்பு தன் இதயத்தையே அடிக்க ஆரம்பிக்கிறது. தொண்டை வலி வருகிற எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதில்லை. சிலருக்கு ஆகிறது. யாருக்கு என்று முன்னால் சொல்ல முடியாது. மூட்டு வீக்கம் தழும்பு வைக்காமல் போய்விடும். இதயத்தில் பட்டால் தழும்பு நின்றுவிடலாம்.

"இதயத்துல ரூமுக்கு ரூம் கதவு இருக்குதுங்க. ரத்தம் முன்னாடி போகும், கதவு மூடிக்கும், பின்னாடி வராது. பாப்பாவுக்கு இடது பக்கக் கதவு ஒண்ணு வீங்கிப் போயி சரியா மூடலீங்க. கொஞ்சம் ரத்தம் பின்னாடி கசியுது."

"மூடிக்குமுங்களா டாக்டர்?" என்றேன். கட்டிலில் படுத்திருந்த நித்யாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் கசிவுதான். மூடலாம். அப்படியே நிக்கலாம். மறுபடி மறுபடி தொண்டையில கிருமி வந்து, மறுபடி இந்தக் காய்ச்சல் வந்தா, ஒவ்வொரு தடவையும் கதவு கெட்டுக்கிட்டே போகும். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியுமுங்க."

மூடலாம், நிற்கலாம். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில்தான் அதற்குப் பிறகு நாங்கள் குடியிருந்தோம்.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. படுக்கையை விட்டு எழக் கூடாது. கிருமிக்குப் பென்சிலின். வீக்கத்துக்கு ஆஸ்பிரின், தலைவலிக்குப் போடுவதுதான், ஆனால் நிறைய. காத்திருக்க வேண்டும். மெஷினில் கோளாறு என்றால் பட்டனை அழுத்தி நிறுத்துவேன். கழற்றுவேன், மாற்றுவேன். இங்கே நிறுத்த முடியாத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஒரு மத்தியானம் அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்பா, காதுக்குள்ள மில்லு ஓடுதுங்கப்பா. நிறுத்தச் சொல்லுங்க." நோய் மூளைக்கும் போய்விட்டது என்று நினைத்து நர்ஸைத் தேடி வராந்தா முழுக்க ஓடினேன். ஆஸ்பிரின் அளவு கூடினால் காதில் இரைச்சல் கேட்குமாம். டாக்டர் அளவைக் குறைத்ததும் மில் நின்றது. அவ்வளவுதான்.

பெண்கள் வார்டுக்குள் ஆண்கள் தங்க முடியாது. தங்கமணி உள்ளே, நான் வராந்தா பெஞ்சில். அங்கே எனக்குத் துணை இப்ராகிம் பாய். உக்கடத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். அவருடைய மகள் ஷாகிதா நித்யாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்தாள். கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்திருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று எல்லோரும் இருந்திருக்கிறார்கள்.

பாய் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏனுங்க மில்லுக்காரரே, அந்த இட்லியை இப்படி முறைச்சுப் பாத்தீங்கன்னா அது என்ன பண்ணும் பாவம்? சாப்பிடுங்க" என்பார். அவர் வீட்டிலிருந்து இரண்டு பேருக்குச் சாப்பாடு வரும். ஒன்று எனக்கு என்று சொல்ல மாட்டார். "எங்க ஊட்டுல எண்ணத் தெரியாதுங்க, அதிகமா வெச்சு அனுப்பிப்போடறாங்க" என்பார்.

ஒருநாள் அவர் வேடிக்கை பேசவில்லை. டாக்டர் அவரிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். பெஞ்சில் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"எம் பொண்ணுக்குக் கதவு சுருங்கிப் போச்சாம். திறக்கவே மாட்டேங்குதாம். சின்ன வயசுல மூட்டு வீங்குச்சான்னு டாக்டர் கேட்டாருங்க. வீங்குச்சுங்க. வாயுன்னு சொன்னாங்க, பூண்டு வறுத்துக் குடுத்தோம். சரியாப் போச்சுன்னு நெனச்சோம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க பாப்பாவுக்கு இப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்க குடுத்து வெச்சவருங்க."

குடுத்து வைத்தவர். அந்த வார்த்தையை நான் எங்கே வைத்துக்கொள்வது? உள்ளே அடுத்தடுத்த கட்டில்களில் என் மகளும் அவர் மகளும். ஷாகிதா நித்யாவின் தலையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். நித்யா அவள் வயிற்றில் கை வைத்து, "அக்கா, உதைக்குது!" என்றாள். ஒரே நோயின் முதல் பக்கமும் பிந்தைய பக்கமும் அங்கே சிரித்துக்கொண்டிருந்தன. பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

சில நாட்களில் பாய் மகளைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனார். பலூன் வைத்துக் கதவை விரிக்கலாம், பிரசவத்துக்கு முன்பா பின்பா என்று அங்கே முடிவு செய்வார்கள் என்றார். போகும்போது ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை நித்யாவிடம் கொடுத்தார். "இதுலயே பால் குடிக்கோணும் அம்மணி. வேற கடை டம்ளர்ல குடிச்சேன்னு தெரிஞ்சா கோவிச்சுக்குவேன்."

பில்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. கேட்காமலே மச்சான் கொண்டுவந்து கொடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். வராந்தாவில், குரலைத் தாழ்த்தி.

"மாப்பிள்ளைங்க, மூட்டு வலின்னு மட்டும் வெளிய சொல்லுங்க. நெஞ்சுன்னு சொல்லாதீங்க. பொண்ணுப் புள்ளை. நாளைக்கு நாலு பேரு வந்து கேப்பாங்க."

வார்டு வாசலில் நின்ற தங்கமணி, "நாளைக்கு வாரவங்க கேக்கறதுக்கு முன்னாடி அவ இருக்கோணுமுங்ணா" என்றாள். அவள் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் கீழே போய் மூன்று காப்பி வாங்கிக்கொண்டு வந்தார்.

வீக்கம் வடிந்தது. காய்ச்சல் நின்றது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கசிவு? இருக்கிறது. பார்க்கலாம். போகும் முன் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இனி அவளுக்குத் தொண்டையில் அந்தக் கிருமி வரவே கூடாது. அதற்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி. பெரிய பெண்ணாகி, படிப்பு முடித்து, அதற்குப் பிறகும்கூட. எதுவரை என்று அப்புறம் சொல்வார்கள். தொண்டை வலிக்கு டாக்டர் எழுதும் மாத்திரையைக் காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாமல் எழுதிய நாள் வரைக்கும் கொடுக்க வேண்டும். இது எல்லாக் குழந்தைகளுக்கும்தான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தங்கமணி முதலில் செய்த காரியம், அந்தப் பிஸ்கட் டின்னைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்ததுதான். பிறகு ஜன்னலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் கட்டிவிட்டாள்.

அந்த ஊசி மருந்து மாவு கரைத்தது போலக் கெட்டியாக இருக்கும். இடுப்புக்குக் கீழே போடுவார்கள். அன்று முழுக்க அவளால் சரியாக உட்கார முடியாது. சிலருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், முதலில் முன்கையில் துளி போட்டுத் தடிக்கிறதா என்று பார்ப்பார்கள். தெருமுனை டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "பென்சிலினுங்களா? இங்க வேண்டாமுங்க. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?" அவரைக் குறை சொல்ல முடியவில்லை; ஊசிக்கு மருத்துவமனைக்கே கூட்டிப் போகிறோம். ஒவ்வொரு முறையும் அவளுடைய முன்கையில் அந்தச் சின்னக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நானும் ஓடிப்போகத்தான் நினைக்கிறேன். காப்பாற்றுகிற மருந்துக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது. போடாவிட்டால் அதைவிடப் பயம்.

உக்கடம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரம் பார்த்து உட்காருவேன். இப்ராகிம் பாயின் கடை திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். திறந்திருக்கும். குடங்கள் வெளியே அடுக்கியிருக்கும். திறந்திருந்தால் நல்ல செய்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இறங்கிப் போய்க் கேட்டதில்லை. கேட்டால் பதில் வரும்.

ஒரு வருடம் கழிந்தது. அந்த வருடத்தில் நித்யா எத்தனை முறை செருமினாலும் நாங்கள் இருவரும் சமையலறையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோ-கோ இல்லை. விளையாட்டு நேரத்தில் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருக்கிறாள் என்று அவள் தோழி சொல்லித்தான் தெரியும்.

வருடச் சோதனைக்குப் போனோம். டாக்டர் மறுபடியும் இடது பக்கம் சாயச் சொல்லிக் கேட்டார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து, முதுகு, இடது மார்புக்குக் கீழே. எடுத்தார். நான் மூச்சு விட்டேன். திரும்ப அங்கேயே வைத்தார்.

"கூடலீங்க. அதுவே நல்ல விஷயம். ஆனா போகலை" என்றார்.

என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "கேக்கறீங்களா?"

காதில் மாட்டிக்கொண்டேன். மெஷின் சத்தத்தில் பாதி கெட்டுப்போன காதுதான். ஆனாலும் கேட்டது. லப் என்று ஒரு அடி, அது முடியும் முன்பே ஊதுவது போல ஒரு சின்ன இரைச்சல். மறுபடியும். மறுபடியும். மில் ஷெட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் என் கை தானாக மேலே போகும், யாராவது மெஷினை நிறுத்துவார்கள். கை இப்போதும் கொஞ்சம் எழும்பியது. மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னங்கப்பா கேக்குது?"

"ஓடுது கண்ணு."

"நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுது."

அவள் என்னை நம்பவில்லை. "எனக்குக் குடுங்க" என்று கையை நீட்டினாள். டாக்டர் தலையசைத்தார். தன் காதில் மாட்டி, தன் மார்பில் தானே வைத்துக் கேட்டாள். ஒரு கணக்குப் போடுகிற முகம். அழவில்லை. பிறகு கட்டிலிலிருந்து எட்டி, என் சட்டைப் பொத்தானை விலக்கி, அந்தச் சில்லென்ற வட்டத்தை என் நெஞ்சில் வைத்தாள். டாக்டர் செய்தது போலவே கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"உங்களுது நல்லா மூடுதுங்கப்பா" என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.